காதர் பாயின் காலும் சில இங்கிலீஷ் சொற்களும்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் வருகைப் பதிவில் பெயர் எழுத மட்டும்தான். சின்ன ர, பெரிய ற, மூன்று வகை ன, இவற்றில் எது எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. போதாததற்கு இதில் பெரும்பகுதியைப் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆட்களைத் தூக்கித் தூக்கி வந்த வினை. அதனால்தான் ஐம்பத்திரண்டு வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் கிடக்கிறேன். வரிகள் சாய்ந்து போயிருந்தால் என் முதுகைத் திட்டுங்கள்.

எழுதச் சொன்னவள் செல்வி. நான் உதவியாளனாக இருந்த அறுவைச் சிகிச்சை வார்டில் அவள் நர்ஸ். புதிதாகச் சேரும் உதவியாளர்களுக்கு இப்போது இங்கிலீஷ் சொற்கள் சொல்லிக் கொடுக்கிறார்களாம். ஹீலிங் என்றால் என்ன, இம்ப்ரூவ்டு என்றால் என்ன, ரெக்கவரி என்றால் என்ன என்று. போன மாதம் என்னைப் பார்க்க வந்தவள், "அண்ணே, அர்த்தம் நாங்க சொல்லிடுவோம். அந்த வார்த்தைங்க வார்டுல எப்படி நடமாடுச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்க" என்றாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவது என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் சரி என்றேன்.

எனக்கு இங்கிலீஷ் காது வழியாக வந்தது. துடைப்பம் பிடிக்கச் சேர்ந்தேன். பிறகு ஸ்டிரெச்சர் தள்ளினேன், அறுவைக்கு முன் ரோமம் மழித்தேன், கட்டுப் போடும்போது காலைத் தூக்கிப் பிடித்தேன். இந்த வேலைகளுக்கு நடுவே டாக்டர்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்துகொண்டே இருக்கும். வலி, சீழ், காய்ச்சல் இவற்றுக்கான சொற்கள் சீக்கிரம் வந்துவிட்டன. குணமாவதற்கான சொற்கள்தான் கடைசியில் வந்தன. அவற்றை டாக்டர்கள் சிக்கனமாகத்தான் செலவு செய்வார்கள்.

நாளடைவில் ஒன்று புரிந்தது. புண்ணுக்கு ஒரு வரிசைச் சொற்கள், ஆளுக்கு வேறொரு வரிசை. புண்ணைப் பார்த்து முதலில் ஸ்லஃப் என்பார்கள், அதாவது செத்துப்போய் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும் சதை. அது போனால் க்ளீன். அடியில் சிவப்பாக, சின்னச் சின்னக் குருணையாகப் புதுச் சதை கிளம்பினால் ஹெல்தி. ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து உள்ளே வந்தால் ஹீலிங். ஆளைப் பார்த்தோ ஸ்டேபிள், பெட்டர், இம்ப்ரூவ்டு, ரெக்கவர்டு. நம்மிடமும் இப்படித்தானே இருக்கிறது. புண் ஆறும், ஆள் தேறுவான். புண் ஆறியும் தேறாத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வார்டுக்குத் தலைமை ரெஜினா சிஸ்டர். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சிஸ்டர் சொல்தா வீட்டுப் பெண். அண்ணன் தம்பிகள் எல்லாம் பிரான்சில். இவர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். புண்ணுக்குக் கட்டுப் போடுவதை எல்லாரும் டிரஸ்ஸிங் என்றால் அவர் மட்டும் பான்ஸ்மான் என்பார், பிரெஞ்சில். காலையில் அந்தச் சொல் கேட்டால் நான் தட்டும் வாளியும் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவர் கட்டுப் பிரிப்பதை இன்றைக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இப்ப துணிய நனைக்கப் போறேன். இப்ப பிரிக்கப் போறேன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்வார். ஒட்டிய துணியை ஒருநாளும் வெடுக்கென்று இழுத்ததில்லை. உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, அது தானாக விட்டுக் கொடுக்கும்வரை பேசாமல் காத்திருப்பார். புண்ணைப் பார்த்து முகம் சுளித்ததும் இல்லை, சிரித்ததும் இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவரிடம் இரண்டு கட்டளைகள் இருந்தன. ஒன்று, டாக்டர் சொன்னதை உதவியாளர் யாரும் தமிழில் சொல்லக் கூடாது. டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் நோயாளியின் வீட்டார் எங்கள் பின்னால்தான் ஓடி வருவார்கள். காக்கிச் சட்டைக்காரனிடம் கேட்பது அவர்களுக்குச் சுலபம். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பரிதாபப்பட்டு, பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெண்கள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். அன்றிலிருந்து இந்தக் கட்டளை. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அது பெரிய உதவி. யார் கேட்டாலும் "டாக்டர் சொல்வாரு" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

இரண்டாவது கட்டளை பெட்டர் என்ற சொல்லைப் பற்றி. வார்டில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் சிஸ்டர் கேட்பார்: "நேத்து செய்ய முடியாதது எதையாச்சும் இன்னிக்கு செஞ்சாரா? செஞ்சிருந்தா பெட்டர். இல்லன்னா சும்மா இரு." இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த ஒரு வயதான சொல்தாவின் பேரன் பிரான்சிலிருந்து போன் போட்டுப் போட்டுக் கேட்பான். எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே படம் சொன்னது. சிஸ்டர் போனில் பெட்டர் என்று சொல்ல ஒப்புக்கொள்ளவில்லை. பென்ஷன் வாங்க வருஷத்துக்கு ஒரு தடவை, நான் உயிரோடு இருக்கிறேன் என்று நேரில் போய் நின்று காட்ட வேண்டும். கிழவர் கோட்டு மாட்டிக்கொண்டு, கைத்தடி ஊன்றி, தானே நடந்து போய் நின்றுவிட்டு வந்த அன்றைக்குத்தான் சிஸ்டர் பேரனிடம் பேசினார். பிரெஞ்சில் பேசியதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழவர் மட்டும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம் காதர் பாய் வந்து சேர்ந்தார். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரி. நெல்லித்தோப்பிலிருந்து முதலியார்பேட்டை வரை அவர் கை படாத பெரிய விருந்து கிடையாது என்பார்கள். சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போயிருந்தது. அடுப்பிலிருந்து தெறித்த நெருப்புத் துண்டை மிதித்தது அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, கருகின வாடை வருகிறதே என்று மனைவி பார்த்துச் சொன்னாராம். எங்களிடம் வரும்போது உள்ளங்கால் முழுக்கப் புண். இரண்டு விரல்களை உடனே எடுக்க வேண்டியிருந்தது. மிச்சக் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், சீழ் மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவோம் என்று டாக்டரே அவரை உட்காரவைத்துத் தமிழில் சொன்னார்.

டாக்டர் போன பிறகு பாய் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏழுமல, நிக்க முடியாத பண்டாரிய எவன் கூப்புடுவான்? அண்டா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தா அரிசிகூட மதிக்காது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

அவர் வாய் ஓயாது. வார்டு உப்புமாவைப் பார்த்து, "இத ஆக்கினவரு நல்ல மனுஷரு, ஆனா சமையல்காரரு இல்ல" என்பார். ஆனால் கட்டுப் பிரிக்கும் நேரத்தில் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார். தன் புண்ணை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. உள்ளங்காலில் இருந்ததால் எட்டிப் பார்த்தாலும் தெரியாது. பார்க்க அவருக்கு மனசும் இல்லை.

தினமும் சிஸ்டர் செத்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். நான் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வேன். வாரக்கணக்கில் அந்தப் புண் வெளுத்துப்போய், ஊறிய தோல் மாதிரி கிடந்தது. கட்டுத் துணியில் ஒட்டி வருவதெல்லாம் மஞ்சள் தண்ணீர்தான். வாடை வேறு. பிறகு வாடை நின்றது. ஒருநாள் காலை, துணியைப் பிரித்தபோது அதில் சிவப்பாக ரத்தம். புண்ணின் நடுவில் மாதுளை முத்து மாதிரிச் சதை. உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் தொட்ட இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்த்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். கூட வந்த மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "குட் ப்ளீடிங். வெரி ஹெல்தி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அடுத்த கட்டிலில் அவசரம் என்று கூப்பிட்டதால் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

பாயின் மச்சான், மனைவியின் தம்பி யூசுப், கட்டிலருகே நின்றிருந்தார். தோல் பை விற்கும் கடைக்காரர், வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பழகியவர். டாக்டர் சொன்ன சொற்கள் அவருக்கு நன்றாகவே விளங்கின. விளங்கியதுதான் வினையாகப் போனது. இத்தனை நாள் துளி ரத்தம் இல்லாமல் இருந்த காலில் ரத்தம் கொட்டுகிறது, அதைப் பார்த்து நல்லது என்கிறார், மாணவர்களுக்கு வேடிக்கை காட்டுகிறார் என்று அவர் கொதித்துப்போனார். மாமாவின் காலை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள், குணமாக்கும் எண்ணம் இவர்களுக்கு இல்லை என்று தாழ்வாரத்தில் நின்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். விழுப்புரம் பக்கம் பச்சிலை வைத்துக் கட்டும் ஒருவர் இருக்கிறாராம். மறுநாளே வேன் பேசிவிட்டார்.

சிஸ்டர் அவரிடம் பேசிப் பார்த்தார். டாக்டரும் வந்து, இது நல்ல அறிகுறி, இப்போது கட்டு விட்டுப்போனால் கிருமி ஏறும், பிறகு முழங்கால்தான் என்று தமிழிலேயே சொன்னார். யூசுப் காதில் ஏறவில்லை. நேற்று நல்லது என்றவர் இன்றைக்கு முழங்கால் என்கிறார் பாருங்கள் என்று அதையும் குற்றமாகவே எடுத்துக்கொண்டார். பாயின் மனைவி சுவரோரம் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பாயைக் கேட்டால், "கூட்டிட்டுப் போறவங்க இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கால் தினமும் என் கையில் இருந்த கால். அதன் கனம் எனக்குத் தெரியும். ஆனால் தமிழில் சொல்லக் கூடாது என்பது கட்டளை. சொன்னாலும் டாக்டர் சொல்லிக் கேட்காதவர் வாளி தூக்குகிறவன் சொல்லியா கேட்பார்? அப்போது அலமாரியில் என் மழிக்கும் பெட்டி கண்ணில் பட்டது. அதற்குள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி உண்டு.

சிஸ்டர் பக்கத்தில் போய் நின்றேன். நானாக அவரிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"சிஸ்டர், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். காட்டட்டுமா?"

கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கழுவி எடுத்துட்டு வா" என்றார்.

வழிப்பயணத்துக்குப் புதுக் கட்டுப் போட வேண்டும் என்று யூசுபிடம் சொல்லிவிட்டு, சிஸ்டர் வழக்கம்போல முழங்கை வரை கழுவினார். "காதர் பாய், இப்ப துணிய நனைக்கப் போறேன்" என்றார். பாய் துண்டுக்குக் கை நீட்டினார். சிஸ்டர் துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு இது வேணாம். வேற எங்கியோ கொண்டுபோற காலு. எப்பிடி இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போங்க."

துணி ஊறி, விட்டுக் கொடுத்தது. அதில் ரத்தம். யூசுப் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. நான் இடது கையில் குதிகாலை ஏந்திக்கொண்டு, வலது கையில் கண்ணாடியைப் பாதத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தேன். கோணம் தெரியாமல் பிடித்ததால் பாய்க்கு முதலில் மின்விசிறிதான் தெரிந்திருக்கும். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

பாய் கண்ணை இடுக்கிப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். இறைச்சிக் கடையில் நின்று தொடையைத் தேர்ந்தெடுக்கிறவர் பார்வை அது. பிறகு, "கொஞ்சம் தொடுங்க சிஸ்டர்" என்றார். சிஸ்டர் பஞ்சால் தொட்டார். ரத்தம் துளிர்த்தது. "அந்த ஓரம்." தொட்டார். அங்கும் துளிர்த்தது.

"யூசுபு, இங்க வா. எட்டிப் பாரு."

"பாத்துட்டுத்தான் மாமா சொல்றேன். ரத்தம்…"

"ரத்தம்தான். அறுக்கிறப்ப ரத்தம் ஓடலேன்னா அந்தக் கறிய நாம வீட்டுக்குள்ள விடுவமா? செத்துப்போனதுன்னு ஒதுக்கிட மாட்டோம்? ஓடணும்டா. உயிரு இருந்தாத்தான் ஓடும்." கொஞ்சம் நிறுத்தினார். "எங்காலுல ஓடுது பாரு."

யூசுப் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீழ வேன் நிக்குது. அவனுக்கு என்னா சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

"ஆளு இன்னும் வேகலன்னு சொல்லு."

பாயின் மனைவிதான் முதலில் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம் அது. மறுநாள் டாக்டர் வந்தார். சிஸ்டர் அவரிடம் எதையோ மெதுவாகச் சொன்னார். அவர் புண்ணைப் பார்த்துவிட்டு, மாணவர்கள் பக்கம் திரும்பும் முன் யூசுப் பக்கம் திரும்பினார். "நல்லா ரத்தம் ஓடுது பாய்" என்றார். பிறகுதான் மாணவர்களுக்கு இங்கிலீஷ்.

அப்புறம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அது பிடித்துக்கொண்டது. ஓரம் கூடிக்கொண்டு வந்தது. ஹீலிங் போய் ஹீல்டு என்ற சொல்லையும் ஒருநாள் டாக்டர் வாயால் கேட்டேன். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இம்ப்ரூவ்டு என்று எழுதியிருந்தது. அது என்ன என்று பாய் கேட்டார். நான் வழக்கம்போல வாளியைத் தேடினேன். சிஸ்டர், "சொல்லு ஏழுமலை, பரவால்ல" என்றார்.

"தேவலாம்னு போட்டிருக்காங்க பாய்."

"தேவலாம்தானா? தேறிட்டாருன்னு போடலியா?"

அதற்குச் சிஸ்டர்தான் பதில் சொன்னார். "அந்த வார்த்த என்கிட்ட இருக்கு. ஒரு கல்யாணத்துக்கு ஆக்கி எறக்கிட்டு வாங்க, தர்றேன்."

மாதங்கள் ஓடின. மழைக்காலம் முடிந்து ஒரு மத்தியானம், படியில் யாரோ நிதானமாக ஏறி வரும் சத்தம். காதர் பாய். காலில் சர்க்கரைக்காரர்களுக்கென்று தைக்கும் தடித்த மெத்தைச் செருப்பு. ஒரு கையில் கைப்பிடிச் சுவர், இன்னொரு கையில் பெரிய தூக்கு. முதலியார்பேட்டையில் ஒரு நிக்காஹ், விடியற்காலையிலிருந்து நின்றே ஆக்கினேன், நடுவில் இரண்டு தடவைதான் உட்கார்ந்தேன், அதுவும் தம் போட்ட பிறகு என்றார். தூக்கைத் திறந்ததும் வார்டு முழுக்க மணம். பத்தியக்காரர்கள் எல்லாம் தலையைத் தூக்கினார்கள்.

சிஸ்டர் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். புதுப் புண் இல்லை. பிறகு நிமிர்ந்து, "ரெக்கவர்டு" என்றார். அவர் வாயால் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். என் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் கேக்குற மாதிரி தமிழ்ல சொல்லு" என்றார்.

அத்தனை கட்டில்களும் என்னையே பார்த்தன. எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் சொன்னேன். "காதர் பாய் தேறிட்டாரு."

செல்வி, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ். உன் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல். சொற்களை அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். எதைப் பார்த்துவிட்டு அந்தச் சொல் சொல்லப்பட்டது என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ளட்டும்.

நேற்று பக்ரீத். காதர் பாய் தூக்கோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பாயில் குப்புறக் கிடந்தேன். "ஏழுமல, ஒரு மலகூட ஏறாம ஒனக்கு எப்பிடிப்பா முதுகு புடிச்சுது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். எப்படி இருக்கிறது என்றார். தேவலாம் என்றேன்.

"தேவலாம்தானா?" என்றார். பெட்டர் என்றவர்களைக் கேள்வி கேட்கும் சிஸ்டர் குரல் மாதிரியே இருந்தது. மூலையில் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்து ஜன்னலோரம் போட்டுவிட்டுப் போனார்.

முந்தின பக்கங்கள் எல்லாம் சாய்ந்து ஓடியிருக்கும். இந்தப் பக்கத்தில் வரிகள் கொஞ்சம் நேராக இருப்பதைப் பார்க்கலாம். இதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன்.

க. ஏழுமலை
முத்தியால்பேட்டை, புதுச்சேரி
10 டிசம்பர் 2008